என்னை விற்க நீங்கள் யார்?

அக்டோபர் முடிந்து நவம்பர் பிறக்கும்போது அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் முடிந்துவிடும். கோப்பை யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். மைதானங்களைப் பூட்டிவிடுவார்கள். இனி மார்ச் மாதக் கடைசி வரை ஆட்டம் கிடையாது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். அந்த ஐந்து மாதமும் ரசிகர்கள் என்னதான் செய்வார்கள் என்கிறீர்களா?

பேசுவார்கள். பேசிப் பேசி மாய்ந்துபோவார்கள்!

இந்தக் குளிர்காலப் பேச்சுக்கு அங்கே ஒரு செல்லப் பெயரே உண்டு - 'ஹாட் ஸ்டவ் லீக்'. அந்தக் காலத்தில் கணகணவென்று எரியும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, குளிர் காய்ந்தபடியே ஊர் ஆசாமிகள் பேஸ்பால் பேசுவார்களாம். அதனால் வந்த பெயர். யாரைத் தள்ளிவிடலாம், யாரை இழுத்துப்போடலாம், அடுத்த வருஷம் நம்ம டீம் தேறுமா தேறாதா... இதுதான் விஷயம். பனி உருகும் வரை வாய் ஓயாது.

அந்தப் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். 'இவனை வித்துடணும்', 'அவனை வாங்கணும்', 'இவன் ரெண்டு பேரைக் குடுத்தா அவன் ஒருத்தனை வாங்கிடலாம்'. சந்தையில் மாடு பிடிக்கப் போனவர்கள் பேசுவது மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இவர்கள் பேசுவது மாட்டைப் பற்றி அல்ல. மனிதர்களைப் பற்றி!

இது வெறும் பேச்சு வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டத்தட்ட நூறு வருஷம், அமெரிக்க பேஸ்பால் வீரர்களை நிஜமாகவே அப்படித்தான் விற்றார்கள், வாங்கினார்கள், பண்டமாற்றுச் செய்தார்கள். 'என்னைக் கேட்காமல் என்னை விற்க நீங்கள் யார்?' என்று நிமிர்ந்து நின்று கோர்ட்டுக்குப் போனவர் ஒரு கறுப்பின வீரர். பெயர் கர்ட் ஃப்ளட். அந்தக் கேள்விக்காக அவர் கொடுத்த விலை என்ன, அதனால் யாருக்கு லாபம் என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் அந்த மாய விலங்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

1879-ம் வருஷம். நேஷனல் லீக் அணிகளின் முதலாளிகள் கூடிப் பேசி ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு அணியும் ஐந்து ஆட்டக்காரர்களை 'இவர்கள் எங்களுக்கு' என்று ஒதுக்கிக்கொள்ளலாம். வேறு எந்த அணியும் அவர்களை வேலைக்கு எடுக்கக் கூடாது. ஐந்து பேரில் ஆரம்பித்த இந்த 'ரிசர்வ்' ஏற்பாடு போகப் போகப் பெருத்து, அணியில் இருந்த அத்தனை பேரையும் விழுங்கிவிட்டது. பிறகு வீரர்களின் ஒப்பந்தப் பத்திரத்திலேயே ஒரு ஷரத்தாக ஏறி உட்கார்ந்தது.

அந்த ஷரத்தைப் படித்தால் ஒன்றும் தெரியாது. பரம சாதுவாக இருக்கும். வீரர் கையெழுத்துப் போட மறுத்தால், பழைய ஒப்பந்தத்தை அணி இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஒரே ஒரு வருஷம்தானே என்று தோன்றுகிறதா? சூட்சுமமே அங்கேதான்! ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதிலுள்ள எல்லா ஷரத்துகளும் சேர்ந்தே புதுப்பிக்கப்படுகின்றன. அவற்றில் இந்தப் புதுப்பிக்கும் ஷரத்தும் ஒன்று. ஆகவே அடுத்த வருஷமும் புதுப்பிக்கலாம், அதற்கடுத்த வருஷமும் புதுப்பிக்கலாம் என்றார்கள் முதலாளிகள். பதினெட்டு வயதில் ஒருமுறை கையெழுத்துப் போட்டால், ஆடி முடிக்கும்வரை அந்தப் பையன் அந்த அணியின் சொத்து. கொடுக்கிற சம்பளத்துக்கு ஆடு. இல்லையென்றால் வீட்டுக்குப் போ. அணி நினைத்தால் வேறு ஊருக்கு விற்கும். அப்போதும் உன்னைக் கேட்கமாட்டோம்!

1919 டிசம்பரில் பாஸ்டன் ரெட் ஸாக்ஸ் அணி தன் மாபெரும் நட்சத்திரத்தை ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றது. அந்த நட்சத்திரம் பேப் ரூத். 1918-ல் கோப்பை வென்றிருந்த பாஸ்டன், அடுத்த கோப்பையைப் பார்க்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 86 வருஷம்! ரூத்தின் சாபம் என்று இன்றும் கதை சொல்வார்கள். சாபம் இருக்கட்டும். ஒரு லட்சம் டாலர் கைமாறிய அந்த வியாபாரத்தைத் தடுக்க, சட்டப்படி ரூத்துக்கு எந்த உரிமையும் இல்லை என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது.

யாருமே எதிர்க்கவில்லையா? எதிர்த்தார்கள். ஜான் மான்ட்கோமரி வார்ட் என்ற வீரர் சட்டம் படித்தவர். 'பேஸ்பால் வீரன் என்ன, அடிமைச் சொத்தா?' என்று கேட்டு 1887-ல் ஒரு கட்டுரையே எழுதினார். 1890-ல் வீரர்களைத் திரட்டித் தனி லீக் ஒன்றை நடத்தியும் காட்டினார். ஒரே சீசனில் அது படுத்துவிட்டது.

கோர்ட்? அங்கே நடந்ததுதான் வேடிக்கை. அமெரிக்காவில் ஏகபோகத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. நாலு முதலாளிகள் கூடிப் பேசிப் போட்டியை ஒழித்தால் குற்றம். ஆனால் அந்தச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரத்துக்குத்தான் பொருந்தும். 1922-ல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: பேஸ்பால் ஆட்டம் அந்தந்த ஊரில் நடக்கிற கேளிக்கை, அது மாநிலங்களுக்கிடையே நடக்கும் வியாபாரம் ஆகாது. அணிகள் ரயிலேறி மாநிலம் மாநிலமாகப் போய் டிக்கெட் விற்று ஆடுகின்றனவே? அது தற்செயலாம்! தீர்ப்பை எழுதியவர் சாமான்யப்பட்டவர் அல்ல, மாமேதை என்று பெயரெடுத்த நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1953-ல் யாங்கீஸைச் சேர்ந்த ஒரு வீரர் மறுபடி முட்டிப் பார்த்தார். 'இவ்வளவு காலம் இப்படியே போயாச்சு. மாத்தணும்னா பார்லிமென்ட் மாத்தட்டும்' என்கிற ரீதியில் கை கழுவிவிட்டது கோர்ட்.

இந்தக் கோட்டைச் சுவரில்தான் கர்ட் ஃப்ளட் போய் மோதினார்.

1938-ல் ஹூஸ்டனில் பிறந்து, ஓக்லண்டில் வளர்ந்தவர் ஃப்ளட். சின்ன உடம்பு, சிட்டாகப் பறக்கும் கால். 18 வயதில் சின்சினாட்டி அணி அவரைச் சேர்த்துக்கொண்டு, பயிற்சிக்காகத் தென் மாநிலங்களில் சிறிய லீக்குகளில் ஆட அனுப்பியது. நிறவெறி தலைவிரித்தாடிய 1956, 57. வெள்ளைக்கார சகாக்கள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவருக்கு உள்ளே இடமில்லை. பின்னாளில் ஃப்ளட் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இடைவேளையில் எல்லோரும் வியர்வையில் நனைந்த உடையைக் கழற்றி ஒரே குவியலாகப் போட்டார்கள். இவரும் போட்டார். உடைகளைக் கவனித்துக்கொள்ளும் ஆள் பதறிப்போய், ஒரு குச்சியால் இவருடைய உடையை மட்டும் தனியே எடுத்து, கறுப்பர்கள் நடத்தும் சலவைக் கடைக்கு அனுப்பினார். அது திரும்பி வரும்வரை அந்தப் பையன் வெற்று உடம்போடு உட்கார்ந்திருந்தான்.

அந்த வயதில் பட்ட காயம் லேசில் ஆறுமா, சொல்லுங்கள்?

1957 டிசம்பரில் சின்சினாட்டி அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குத் தள்ளிவிட்டது. அங்கே பன்னிரண்டு வருஷம். பேட்ஸ்மேனுக்கு நேர் எதிரே, மைதானத்தின் கடைக்கோடியில் நிற்கும் 'சென்டர் ஃபீல்டர்' அவர். 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு வருஷம் 'கோல்ட் க்ளவ்' விருது. 1966-ல் சீசன் முழுக்க ஒரு தவறுகூடச் செய்யவில்லை! 1964-லும் 1967-லும் கார்டினல்ஸ் கோப்பை வென்றது. 1969-ல் அவருடைய சம்பளம் 90 ஆயிரம் டாலர். அன்றைக்கு அது ராஜ சம்பளம்.

1969 அக்டோபர். சீசன் முடிந்த கையோடு ஒருநாள், விடிவதற்கு முன்பே ஃப்ளட் வீட்டு டெலிபோன் அடித்தது. பேசியவர் முதலாளி அல்ல, மேனேஜரும் அல்ல, அணி அலுவலகத்தின் ஓர் அதிகாரி. 'உன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்திட்டாங்க' என்று தகவல் சொன்னார். பன்னிரண்டு வருஷ உழைப்புக்கு ஒரு போன் கால்!

அது ஏழு பேர் அடங்கிய பண்டமாற்று. செயின்ட் லூயிஸிலிருந்து நாலு பேர் போகிறார்கள், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். அந்தப் பக்கமிருந்து வந்த பெரிய பெயர் டிக் ஆலன். இவரும் கறுப்பினத்தவர், அபாரமான பேட்ஸ்மேன். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் சாமான்களை வீசி அடித்ததால், ஃபீல்டிங் செய்யும்போதும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றவர். எப்போதடா இந்த ஊரைவிட்டுத் தொலைவோம் என்று தவித்துக்கொண்டிருந்தார். ஃப்ளட்டுக்கோ செயின்ட் லூயிஸில் தொழில், நண்பர்கள், வேர் எல்லாம் இருந்தது. ஒருவருக்கு அந்த மாற்றல் விடுதலை, இன்னொருவருக்குத் தண்டனை. ஆனால் இரண்டு பேரில் ஒருவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து 'யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்' என்று விவாதித்த ரசிகர்களுக்கும் இந்த யோசனை எழவில்லை.

ஃப்ளட் நேராக மார்வின் மில்லரிடம் போனார். இரும்பு உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பழுத்த அனுபவம் பெற்று, 1966-ல் பேஸ்பால் வீரர் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற கெட்டிக்காரர் மில்லர். 'கேஸ் போடப் போறேன்' என்றார் ஃப்ளட். மில்லர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: ஜெயிக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, தப்பித் தவறி ஜெயித்தாலும் உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இருக்காது, பேஸ்பாலில் இனி எந்த வேலையும் தரமாட்டார்கள். ஃப்ளட் கேட்டது ஒரே கேள்வி: 'மத்த வீரர்களுக்கு, இனிமே வரப்போற பசங்களுக்கு இதனால நன்மை உண்டா?' உண்டு என்றார் மில்லர். 'அப்ப எனக்கு அது போதும்' என்றார் ஃப்ளட். இதை மில்லரே பிற்பாடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1969 டிசம்பர் 24. பேஸ்பாலின் தலைமை கமிஷனர் பௌவி கூனுக்கு ஃப்ளட் ஒரு கடிதம் எழுதினார். பன்னிரண்டு வருஷம் பெரிய லீக்கில் ஆடிய பிறகு, என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கக்கூடிய ஒரு சொத்து நான் என்று என்னால் ஏற்க முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். மனிதன் சொத்தல்ல என்பது சரிதான், ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற தொனியில் பதில் வந்தது.

டெலிவிஷனில் ஒரு நிருபர் கேட்டார்: வருஷத்துக்கு 90 ஆயிரம் டாலர் வாங்குகிறீர்கள், இது அடிமைத்தனமா? ஃப்ளட் அசரவில்லை. நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்று சொல்லிவிட்டார்.

நாடே கொந்தளித்தது - பாதிக்கு மேல் அவருக்கு எதிராக! ஃபிலடெல்ஃபியா ஒரு லட்சம் டாலர் தருகிறேன் என்றது. மறுத்துவிட்டு 1970 ஜனவரியில் வழக்குப் போட்டார். 1970 சீசன் முழுக்க ஆடவில்லை. அவருக்காக வாதாடியவர் சுப்ரீம் கோர்ட்டின் முன்னாள் நீதிபதி ஆர்தர் கோல்ட்பர்க். செலவை வீரர் சங்கம் ஏற்றுக்கொண்டது. சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர், பேஸ்பாலில் நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்ஸன். ஆனால் ஒன்று கேளுங்கள்... அந்த விசாரணை நடந்த நாட்களில், அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒரே ஒரு வீரர்கூடக் கோர்ட் பக்கம் தலைகாட்டவில்லை. பயம்! நாளைக்குத் தன்னையும் தூக்கி எறிந்துவிட்டால்?

கீழ்க் கோர்ட்டில் தோல்வி. அப்பீலில் தோல்வி. இதற்கிடையே கையில் காசில்லாமல் 1971-ல் வாஷிங்டன் அணிக்கு ஆட வந்தார். ஒன்றரை வருஷம் மட்டையைத் தொடாத உடம்பு. 13 ஆட்டம்தான். கண்ணெதிரே தன் திறமை கரைந்துபோனதைப் பார்த்தவர், சொல்லாமல் கொள்ளாமல் ஸ்பெயினுக்கு விமானம் ஏறிவிட்டார்.

1972 ஜூன் 19-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃப்ளட் தோற்றார். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன் பேஸ்பால் பித்தர். பழைய வீரர்களின் பெயர்களை வரிசையாக, எண்பதுக்கும் மேலே, தீர்ப்பிலேயே பட்டியல் போட்டார்! பேஸ்பாலுக்குக் கொடுத்த விலக்கு பொருத்தமற்றதுதான் என்று ஒப்புக்கொண்டார். குத்துச்சண்டைக்கும் கால்பந்துக்கும் இல்லாத சலுகை இதற்கு மட்டும் ஏன் என்பதற்கு நேரான பதில் இல்லை. ஆனாலும் பார்லிமென்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவரும் நகர்ந்துகொண்டார். மாறுபட்டு எழுதியவர்களில் ஒருவர், சுப்ரீம் கோர்ட்டின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல்.

கதை முடிந்ததா? இல்லை, இனிமேல்தான் திருப்பம்!

வழக்கு நடந்தபோது முதலாளிகளின் வக்கீல்கள், 'இதெல்லாம் கோர்ட் விவகாரமில்லை, சங்கமும் முதலாளிகளும் பேசித் தீர்க்கவேண்டியது' என்று வாதாடியிருந்தார்கள். சரி, பேசலாமே என்றார் மில்லர். 1970 ஒப்பந்தத்திலேயே, தகராறு வந்தால் வெளியாள் ஒருவர் நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்லலாம் என்ற விதியை நுழைத்திருந்தார். 1973-ல் இன்னொரு விதி வந்தது: பெரிய லீக்கில் பத்து வருஷம், அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் ஆடியவரை, அவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது. அதற்கு வழங்கிய பெயரே கர்ட் ஃப்ளட் விதி. 1969-ல் அது இருந்திருந்தால், விடிகாலை டெலிபோனுக்கு 'முடியாது' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பார் மனிதர்!

1974-ல் கேட்ஃபிஷ் ஹன்டர் என்ற பந்து வீச்சாளருக்குத் தரவேண்டிய 50 ஆயிரம் டாலரை ஓக்லண்ட் முதலாளி ஒப்பந்தப்படி தரவில்லை. டிசம்பரில் நடுவர் பீட்டர் ஸைட்ஸ், 'ஒப்பந்தம் முறிந்தது, ஹன்டர் சுதந்திர மனிதர்' என்றார். அவ்வளவுதான், அணிகள் எல்லாம் செக் புத்தகத்தோடு அவர் ஊருக்குப் படையெடுத்தன. அதுவரை வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் வாங்கியவரை, ஐந்து வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் டாலர் கொடுத்து யாங்கீஸ் அள்ளிக்கொண்டது. மற்ற வீரர்கள் வாயைப் பிளந்தார்கள். தங்கள் நிஜமான விலை என்ன என்பது அன்றுதான் அவர்களுக்கே தெரிந்தது!

அடுத்த வருஷம் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இருவர் கையெழுத்துப் போடாமலே 1975 சீசனைத் தொடங்கினார்கள். மெக்னாலி நடுவிலேயே ஓய்வு பெற்றுவிட்டாலும் வழக்கிலிருந்து விலகவில்லை. சீசன் முடிந்ததும் அவர்கள் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி: ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறது, அந்த ஒரு வருஷம் முடிந்துவிட்டது, இனி நாங்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள்? பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளிகளிடம் சொல்லிப் பார்த்தார் நடுவர் ஸைட்ஸ். கேட்கவில்லை. டிசம்பர் 23-ம் தேதி தீர்ப்பு எழுதினார்: ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான்! கையோடு முதலாளிகள் நடுவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை. 96 வருஷத்து விலங்கு உடைந்தது.

மில்லரின் சாமர்த்தியத்தை இங்கே கவனியுங்கள். எல்லா வீரர்களையும் ஒவ்வொரு வருஷமும் அவிழ்த்துவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. சந்தையில் சரக்கு குவிந்தால் விலை விழும் என்பது அவருக்குத் தெரியும். பெரிய லீக்கில் ஆறு வருஷம் முடித்தவர்கள் மட்டும் சுதந்திரமாகப் பேரம் பேசலாம் என்று 1976-ல் ஒப்பந்தம் போட்டார். அந்த ஆறு வருஷக் கணக்குதான் பிறகு நிலைத்தது. 1967-ல் சராசரியாக 19 ஆயிரம் டாலராக இருந்த வீரரின் சம்பளம், 1976-ல் 51 ஆயிரம். 1980-ல் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. 2023 டிசம்பரில் ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒடானிக்கு லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்தது. 2024 டிசம்பரில் ஜுவான் ஸோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர்!

'வீரர்களை அவிழ்த்துவிட்டால் பணக்கார அணிகளே எல்லாக் கோப்பைகளையும் தூக்கிப் போய்விடும், ஆட்டமே செத்துவிடும்' என்று முதலாளிகள் பயம் காட்டியதுண்டு. கணக்கைப் பார்ப்போமா? விலங்கு இருந்த காலத்தில், 1923-லிருந்து 1962-க்குள் யாங்கீஸ் என்ற ஒரே அணி 20 முறை கோப்பை வென்றது. விலங்கு உடைந்தபின் 1978 முதல் 1987 வரை பத்து வருஷத்தில் பத்து வெவ்வேறு அணிகள் வென்றன! பணபலத்தால் வரும் தொல்லைகள் இல்லாமலில்லை. ஆனால் அடிமைச் சீட்டு ஏழை அணிகளைக் காப்பாற்றியது என்பது கட்டுக்கதை.

சரி, நம்ம ஃப்ளட்?

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒரு மதுக்கடை நடத்தினார். குடி அவரைப் பிடித்துக்கொண்டது. எழுபதுகளின் நடுவில் ஓக்லண்ட் திரும்பினார். கொஞ்ச காலம் ரேடியோவில் வர்ணனை செய்தார். மெல்லக் குடியிலிருந்தும் மீண்டார். 1997 ஜனவரி 20-ல், 59 வயதில், தொண்டைப் புற்றுநோயில் காலமானார். மறு வருஷம் பார்லிமென்ட் ஒருவழியாகக் கண் திறந்தது. ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெரிய லீக் வீரர்களுக்கும் தரும் சட்டத்தில் 1998 அக்டோபரில் ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் பெயர் கர்ட் ஃப்ளட் சட்டம். பெயர் மட்டும்தான் அவருக்கு. சுதந்திரச் சந்தையின் ஒரு டாலர்கூட அவர் கைக்கு வரவில்லை.

கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் பேஸ்பாலின் கௌரவ மண்டபம் இருக்கிறது. மார்வின் மில்லரை அவர் இறந்தபிறகு 2019-ல் தேர்ந்தெடுத்தார்கள். 1969-ல் ஃப்ளட்டுக்கு மாற்றாக வந்த டிக் ஆலனையும், அவர் மறைந்தபின், 2024 டிசம்பரில் தேர்ந்தெடுத்தார்கள். ஃப்ளட்டையும் சேருங்கள் என்று 2020-ல் அமெரிக்க பார்லிமென்ட் உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். அப்படியும் 2024 தேர்தல்வரை அந்தச் சுவரில் அவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று. டிசம்பர் வந்தால் இன்றைக்கும் அமெரிக்க ரசிகர்கள் வட்டம் கட்டி உட்கார்ந்து அதே பேச்சைத்தான் பேசுகிறார்கள். 'அவனை வாங்கணும்', 'இவனை வித்துடணும்'. அந்தப் பேச்சுக்கு நடுவே, அவர்களுடைய தாத்தாக்கள் ஒருபோதும் கேட்டிராத ஒரு கேள்வியையும் கேட்கிறார்கள்.

'அதெல்லாம் சரிப்பா... அவன் வர சம்மதிப்பானா?'

அந்தக் கேள்விக்கு விலை கொடுத்தவர் கர்ட் ஃப்ளட்.